தியா நாளைக்கு முகவுரை வாசிக்கிறாள்

குழு: நம்ம வீடு

நவம்பர் 25

சுமதி அக்கா (இரவு 7:42): நாளைக்குத் தியா பள்ளியில் அரசியலமைப்பு நாள். பிரேயரில் முகவுரையை இவள்தான் வாசிக்கப் போகிறாள். "ஜனவரி 26 இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?" என்று கேட்கிறாள். பெரியப்பா, நீங்கள் சொல்லுங்களேன்.

முரளி (7:45): அக்கா, அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. நாளைக்கு லீவு கிடையாது, அதனால் பலருக்கு நினைவிருப்பதில்லை.

பெரியப்பா (7:58): முரளி சொன்னது சரி. ஆனால் எல்லாமே ஜனவரி வரை காத்திருக்கவில்லை அம்மா. 394ஆம் பிரிவை எடுத்துப் பார். குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையுள்ள பிரிவுகளும், தேர்தல் ஆணையம் பற்றிய 324ஆம் பிரிவும் நவம்பர் 26 அன்றே உயிர் பெற்றுவிட்டன. இந்த நாட்டின் குடிமக்கள் யார், தேர்தலை யார் நடத்துவது என்பதற்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது. எனக்கு இந்த நாள் மேல் தனிப் பிரியம், அதனால்தான்.

சுமதி அக்கா (8:01): மற்றதற்கு மட்டும் ஏன் இரண்டு மாதம்?

பெரியப்பா (8:04): 1930 ஜனவரி 26ஐ பூரண சுயராஜ்ய நாளாகக் கடைப்பிடித்தார்கள். அந்தத் தேதியை விட மனம் வரவில்லை.

சித்தி (8:10): நான் வக்கீலாகப் பதிவு செய்த காலத்தில் இதற்குச் சட்ட நாள் என்று பெயர். எங்கள் கோர்ட் வளாகத்தோடு சரி. 2015இல், அம்பேத்கரின் 125ஆவது பிறந்த ஆண்டையொட்டி, மத்திய அரசு அரசியலமைப்பு நாள் என்று அறிவித்தது. பிள்ளைகள் வரை வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முரளி (8:13): மாநிலம் எதற்காவது தனி அரசியலமைப்பு இருந்ததா?

பெரியப்பா (8:17): ஜம்மு காஷ்மீருக்கு இருந்தது. 1956 நவம்பர் 17இல் ஏற்றார்கள், 1957 ஜனவரி 26இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2019 வரை இருந்தது.

சுமதி அக்கா (8:31): 🎤 தியா, 1 நிமிடம் 12 நொடி

பெரியப்பா (8:36): கண்ணு, நன்றாக இருக்கிறது. "இறையான்மை" இல்லை, "இறையாண்மை". நாக்கை மேலே மடக்கு. கடைசியில் நவம்பர் 26 என்று தேதி வருகிறது பார், அங்கே ஓடாதே. அதே தேதியில்தான் நீ வாசிக்கப் போகிறாய். "நமக்கு நாமே" என்பதை நிறுத்திச் சொல்.

நவம்பர் 26

சுமதி அக்கா (காலை 9:50): வாசித்துவிட்டாள்! வாசலில் நின்று கேட்டேன். ண் சரியாக வந்தது. தேதி வந்ததும் ஒரு மூச்சு விட்டுத்தான் வாசித்தாள். முன்வரிசைக் குட்டிப் பையன் ஒருவன் "இன்னைக்கா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டான்.

பெரியப்பா (9:53): அவனுக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தியாவை அழைத்து வா, 324ஐ உட்கார்ந்து படிப்போம்.