புதுப்பிப்பு: அக்காவின் நடையும் சீனி அளவும்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த என் அக்காவுக்கு எடையும் சீனியும் ஏறுகின்றன, உடற்பயிற்சி செய்யலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

வைத்தியரின் சம்மதத்துடன் தொடங்கினோம். வாரத்தில் ஐந்து நாள், விடியலில் மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தில் அரை மணி நேர நடை. முதல் வாரம் பாதிப் பாலத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். இப்போது நிற்காமல் போய்த் திரும்புகிறார்.

நாங்கள் பயந்தது பாரம் தூக்கத்தான்; சிகிச்சை நடந்த பக்கத்துக் கை வீங்கிவிடுமோ என்று. "அந்தக் கையால் வாளிகூடத் தூக்காதே" என்று மாமி அதட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மெல்ல மெல்லக் கூட்டிய பாரப் பயிற்சி கை வீக்கத்தை அதிகரிக்கவில்லை. இயன்மருத்துவர் அரைக் கிலோவில் தொடக்கிவைத்தார். சுருங்கி வேலை செய்யும் தசை, இன்சுலினின் துணை இல்லாமலும் இரத்தச் சீனியை உள்ளிழுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கியபோதுதான் மாமி அடங்கினார்.

வெறும் வயிற்றுச் சீனி 122இலிருந்து 108க்கு இறங்கியிருக்கிறது. எடை ஒரு கிலோதான் குறைந்தது என்று அக்கா வருந்தினார். இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்ததை அளந்து காட்டினேன். நாடாவை வாங்கித் தானே மறுபடி அளந்து பார்த்தார். அடுத்த கிளினிக் தை மாதம்.