விண்ட் என்சாம்பிள்: தமிழில் எப்படிச் சொல்வது?

க.மு. எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு, மேலை இசை ரசனைப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க இசை நடத்துநர் ஃபிரெடரிக் ஃபென்னல் 1952-இல் ராச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் தொடங்கிய விண்ட் என்சாம்பிள் (பெரும்பாலும் ஊதும் கருவிகளால் ஆன இசைக்குழு), 1953 முதல் மெர்க்குரி இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் பதிந்த தட்டுகள், அவற்றில் கேட்க வேண்டியவை என்ன, இவைதாம் பாடம். 'பேண்டு வாத்தியம்' என்று போட்டால் கல்யாண ஊர்வலம்தான் கண்முன் வரும். நல்ல சொல் வேண்டும்.

அ.வ. எழுதியது:
தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்ற கருவிப் பகுப்பு நம்மிடம் இருக்கையில் 'விண்ட்' என்பதைக் 'காற்றுக்கருவி' என்று பெயர்ப்பது எதற்கு? இயம் என்றால் வாத்தியம்; பல்லியம், இன்னியம் வரிசையில் 'துளையியம்' என்போம். யகர உடம்படுமெய், புணர்ச்சியில் பழுதில்லை.

செ.த. எழுதியது:
ஐயா, டிரம்பெட்டில் விரல் துளை ஏது? டிம்பனியும் பாஸ் டிரம்மும் இந்தக் குழுவில் உண்டே, அவற்றை எங்கே வைப்பீர்கள்?

அ.வ. எழுதியது:
துளை என்பது விரல் வைக்கும் கண்ணல்ல, காற்று ஓடும் உள்வழி. மலைபடுகடாத்தில் வரும் ஊதுகருவியான 'களிற்றுயிர்த் தூம்பு' யானை பெருமூச்சுவிடுவதுபோல் ஒலிப்பது. டிராம்போனுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் கிடைக்குமா? 'தூம்பியம்' என்றாலும் எனக்குச் சம்மதமே.

செ.த. எழுதியது:
தூம்பு என்றால் இன்று ஏரி மதகு. மாணவர் தண்ணீரைத் தேடுவார்கள்.

இ.ஞா. எழுதியது:
பெயருக்கு முன் பொருளைப் பாருங்கள். பேண்டில் ஒரே பகுதியை, அதாவது இசைக்குறிப்பில் தனியாக எழுதிய ஒரு வரியை, நாலைந்து க்ளாரினெட் சேர்ந்து வாசிக்கும். ஃபென்னல் ஒரு பகுதிக்கு ஓர் ஆள் என்று வைத்தார். தட்டின் கவர்ச்சியே இதில்தான் இருக்கிறது. ஐந்து பேர் சுருதியில் மயிரிழை விலகினாலும் அதிர்வுகள் மோதி ஒலி மங்கும்; தனியாள் வாசித்தால் நாக்கு சீவாளியைத் தொடும் நொடிகூடத் துல்லியமாகக் கேட்கும். மோனோ என்ற ஒற்றைத்தட ஒலிப்பதிவுக் காலத்தில் மெர்க்குரியின் ஒலிப்பதிவாளர் ராபர்ட் ஃபைன் ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார். பிறகு கலந்து சரிசெய்ய வழியில்லை. டிராம்போன் வாய் நேரே மைக்கைப் பார்த்தால் மற்றதை விழுங்கிவிடும். ஹார்னின் வாய் பின்னோக்கியது, சுவரில் பட்டுத்தான் வரும். பின்சுவர் தள்ளியிருந்தாலோ திரை தொங்கினாலோ ஹார்ன் அமுங்கும். ஆட்கள் உட்காரும் இடம்தான் அங்கே கலவை. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909-இல் பேண்டுக்கு எழுதிய சூட் (பல பகுதி இசைத்தொகுப்பு), யூஃபோனியமும் டியூபாவும் தாழ்ந்த சுரங்களில் வாசிக்கும் எட்டுத் தாள அளவுகளோடு தொடங்கும். அங்கே அடுத்தடுத்த சுரம் எப்படி ஒட்டுகிறது என்று கேட்டாலே தட்டின் தரம் விளங்கும். ஆகவே 'ஒருகுரல் துளையியம்' என்பதே முழுப்பெயர்.

அ.வ. எழுதியது:
பகுதியைக் 'குரல்' என்பதா? குரல் ஏழிசையின் முதற்சுரம். அது சட்சமா மத்திமமா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை! விபுலானந்த அடிகள்...

ப.சா. எழுதியது:
ஐயா, அந்த வழக்கு இன்னோர் இழையில் நடக்கட்டும். பதினோராம் வகுப்பு மாணவர் வாய்விட்டுப் படிக்கும் சொல்லைத் தாருங்கள். 'துளைக்கருவிக் குழு'வுக்கு விளக்கமே வேண்டாம்.

க.மு. எழுதியது:
ப.சா. 'துளைக்கருவிக் குழு' என்கிறார். அதையே போடுகிறேன். முதல் இடத்தில் 'விண்ட் என்சாம்பிள் எனப்படும்' என்று சேர்ப்பேன். பகுதிக்கு ஓர் ஆள் என்பது அடுத்த வாக்கியத்தில் வரும். துளையியம் கலைச்சொல் பட்டியலில் மாற்றுச்சொல்லாக இருக்கும்.

இ.ஞா. எழுதியது:
எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல் பேண்டுக்கும் அப்படியே பொருந்தும். ஃபென்னல் பிரித்ததை நாம் மறுபடி ஒட்டிவிட்டோம். என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள்.