குழாய் மேலே வரவில்லை, நிலம்தான் இறங்கியிருந்தது

குடியாத்தத்திலிருந்து:

2013-லிருந்து மூன்று வருஷம் மலேசியாவில், சரவாக் மாநிலத்து முக்கா பக்கம் ஒரு செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தேன். போன முதல் வாரம் கொடுத்த வேலை, அங்கங்கே நட்டிருக்கும் இரும்புக் குழாய்கள் தரைக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று டேப் பிடித்து எழுதுவது. குழாயின் அடி ஆழத்துக் களிமண்ணில் ஊன்றியிருக்கும். நட்ட அன்றைக்குத் தரை இருந்த இடத்தில் சிவப்புப் பெயிண்ட் கோடு. நான் பார்த்தபோது கோடு என் இடுப்புக்கு நின்றது. யாரோ குழாயை உருவிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த நிலத்தைப் பீட் என்பார்கள். மண்ணே கிடையாது. ஆயிரக்கணக்கான வருஷமாகத் தண்ணீருக்குள் மட்காமல் கிடக்கும் வேரும் மரமும் இலையும். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் டிக்காஷன் மாதிரி கறுப்புத் தண்ணீர் வடியும், கையில் நார் மிஞ்சும். செம்பனைக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று வாய்க்கால் வெட்டி வடிக்கிறார்கள். வடிந்த இடத்தில் காற்றுப் பட்டு எல்லாம் மட்கி, கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. முதல் 5 வருஷத்தில் ஒரு மீட்டருக்கு மேலேகூட இறங்கும், அப்புறம் வருஷத்துக்கு 5 செ.மீ. போல. வேர் வெளியே வந்து மரம் படுத்துவிடும். படுத்த மரமும் நுனியை மட்டும் நிமிர்த்திக்கொண்டு குலை தள்ளும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

பக்கத்தில் மெலனாவ் இனத்துப் பெரியவர் ஒருவர் சேகோ மரம் வைத்திருந்தார். (நம் ஜவ்வரிசி மரவள்ளியில் செய்வது, அங்கே மரத்தையே வெட்டி, தண்டைத் துருவி மாவு எடுக்கிறார்கள்.) சேகோ ஈரத்திலேயே வளரும், வடிக்கவே வேண்டாம். ஆனாலும் பாதியை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார். சேகோ வெட்டுக்கு வர 10 வருஷத்துக்கு மேல் ஆகும், செம்பனையோ மூன்றாம் வருஷத்திலிருந்து மாதம் இரண்டு வெட்டு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

2015-ல் எங்கள் பிளாக்கிலும் தீப்பிடித்தது. மேலே அணைத்துவிட்டுத் திரும்பினால் பத்தடி தள்ளி நிலத்திலிருந்து புகை வரும். குழாய் முனையைத் தரைக்குள் குத்தித்தான் தண்ணீர் விட்டோம். மழை வந்துதான் ஓய்ந்தது.

காவேரிப்பாக்கத்திலிருந்து:

அண்ணே, தரை இறங்குவதை நாங்கள் பாலாற்றிலேயே பார்த்தோம். தாத்தா காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுக்கால் தோண்டி, அந்தத் தண்ணீரில்தான் நடவு. வருஷா வருஷம் வீட்டுக்கு ஒரு ஆள் போய் மணல் தள்ளிவிடணும். லாரி லாரியாக மணல் போன பிறகு ஆறு கீழே போய்விட்டது, கால்வாயின் வாய் மேலே தொங்குகிறது. 2021 நவம்பரில் வெள்ளம் வந்ததே, அது வடிந்த மறுவாரமே வாய் காய்ந்துவிட்டது. எங்கள் கழனியில் பாதி இப்போது மனை. உங்கள் ஊரில் எப்படி?

குடியாத்தத்திலிருந்து:

தம்பி, எங்களுக்கு போர்தான், கொஞ்சம் தென்னை. குழாய்க் கதையைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. “தண்ணிதானே கீழ போவும், பூமி எப்பிடிடா போவும்?” என்றார். அவரே எங்கள் பழைய கிணற்றுச் சுவரில் ஒவ்வொரு சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வந்தவர். கடைசிக் கோடு 2002. அதற்குக் கீழே பாறைதான்.