படித்து முடித்த பிறகும் விடாத ஒரு பக்கம்: உங்களுக்கு எது?

கடைசிரயில்:
திகில், திரில்லர், மாயக்கதை எதுவானாலும் சரி. முழு விமர்சனம் வேண்டாம், உங்களை விடாத ஒரே இடத்தைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

‘தி சைலண்ட் பேஷண்ட்’, 2019. எல்லாரும் படித்திருப்பீர்கள். கணவனை முகத்தில் ஐந்து முறை சுட்டுவிட்டு அதற்கப்புறம் வாயே திறக்காத அலிசியா, அவளைப் பேசவைக்க வரும் தியோ. நான் எடுத்தது நூலகப் பிரதி. சிங்கப்பூரில் பீஷானில் மாறி வட்டப் பாதை ரயிலில் உட்கார்ந்திருந்தேன், பெட்டியில் வேறு ஆளே இல்லை. ஓர் அத்தியாயத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘எப்போது?’ என்று எழுதியிருந்தார்கள். சில பக்கம் தள்ளி மறுபடி அதே கேள்வி, அதே சாய்ந்த எழுத்து. அடுத்து வந்தபோது பக்கத்தைப் புரட்டாமல் யோசித்தேன். முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. முன்பு படித்த யாரோ என் தோளுக்குப் பின்னால் நின்று கூடவே படிப்பதாகத் தோன்றியது. திரும்பிக்கூடப் பார்த்தேன். நாவல் கொடுக்காத பயத்தை அந்தப் பென்சில் கொடுத்தது.

நாலாம்மாடி:
எல்லாரும் படித்திருப்போம் என்று யார் சொன்னது? இனி நான் அதை எடுத்தால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ‘எப்போது, எப்போது’ என்றுதான் ஓடும். ரொம்ப நன்றி அண்ணா.

எனக்கு ‘மெக்சிகன் காதிக்’. 1950களின் மெக்சிகோ, மலைமேல் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வீடு, மூடிப்போன வெள்ளிச் சுரங்கம். நோமி தங்கும் அறையில் சுவர்க் காகிதத்தில் பூசணம் படிந்திருக்கும். அது நகர்கிற இடம் வரும் பாருங்கள், அதை டிசம்பர் மழையில் படுத்துக்கொண்டு படித்தேன். தற்செயலாக நிமிர்ந்தால் எங்கள் அறைக் கூரையின் மூலையில் ஒரு கறுப்பு வட்டம். முந்தின நாள் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. அன்று விளக்கை அணைக்கவில்லை.

பேய்க்கு நான் பயந்தவள் இல்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில், ஆவிகளுக்காகத் தாள் எரிக்கிற தொட்டிகளைத் தாண்டி நடுராத்திரியில் தனியாக வீட்டுக்கு வருகிறவள். ஆனால் வீடே உயிரோடு இருந்து நம்மை மோப்பம் பிடிக்கிறது என்றால் எங்கே ஓடுவது? பின்பாதியில் எல்லாவற்றையும் விளக்கி அவசரமாக முடித்துவிடுகிறார்கள். ஒன்றுமே நடக்காத அந்த முன்பாதிக்காகத்தான் இன்னொரு தடவை படிப்பேன்.

ஈசூன்மாமா:
நானும் அந்த நாவலைப் பாதி படித்தேன். பிறகு மனைவி வாங்கிக்கொண்டார், இன்னும் திருப்பித் தரவில்லை. அது கிடக்கட்டும்.

@நாலாம்மாடி, அந்தக் கறுப்பு வட்டத்தைச் சாதாரணமாக விடாதேம்மா. முதலில் அது ஈரமா காய்ந்ததா என்று தொட்டுப் பார், கையுறை போட்டுக்கொள். காய்ந்திருந்தால் வெறும் காற்றோட்டக் குறைவாக இருக்கலாம். ஈரமாக இருந்தால் மேல்வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து கசியலாம். பிளீச்சைத் தண்ணீர் கலந்து துடை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். வினிகரும் போட்டால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. துடைத்த கையோடு பெயிண்ட் அடிக்காதே, உள்ளே ஈரம் இருந்தால் மறுபடியும் வரும். மேல்வீட்டிலிருந்து கூரை ஒழுகினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி மேல்வீடு, கீழ்வீடு இரண்டு பேருக்கும் பொறுப்பு உண்டு. அதனால் சண்டைக்குப் போகாதே. தேதியோடு படம் எடுத்து வை, கையில் ஏதாவது பலகாரத்தோடு மேலே போய்ப் பேசு. ஏர்கான் பக்கத்துச் சுவரையும் பார்த்துக்கொள்.

நோமியும் நாலு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

நாலாம்மாடி:
மாமா, நான் கேட்கவே இல்லையே. (ஈரமாகத்தான் இருக்கிறது.)

பேராக்பேரன்:
‘தி நைட் டைகர்’. 1931, மலாயாவின் ஈப்போ, பத்து காஜா. வெட்டுப்பட்ட விரலை 49 நாளுக்குள் எஜமானரின் கல்லறையில் சேர்க்க வேண்டிய சிறுவன் ரென், மனிதனாக மாறும் புலி. கதை நன்றாக இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

என் பாட்டி பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் வழியில் புலியின் கால்தடம் பார்த்த கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களைத் தூங்கவைப்பார். அதனால் நம் ஆட்கள் எப்போது வருவார்கள் என்று ஆசையாகத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். வந்தாள், அம்பிகா என்று ஒருத்தி. பிணமாக. அவளோடு பழகிய வெள்ளைக்கார டாக்டர் உடலைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்கிறான். அவள் யார் என்பதை அவன் நினைவு வழியாகத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாரும் புலியா, கொலையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், அவளுக்காக யார் காத்திருந்தார்கள் என்பதிலேயே நான் நின்றுவிட்டேன். மீதிப் புத்தகத்தைப் படித்தேன், ஆனால் அந்தப் பக்கத்தை விட்டு வரவில்லை.

வசந்த்கட்சி:
@பேராக்பேரன், அந்த நாவலாசிரியர் எழுத வந்தது அவர் கதை. நம் லயத்துக் கதையை நாம்தான் எழுத வேண்டும். உங்கள் பாட்டியின் கால்தடத்திலேயே ஒரு நாவல் இருக்கிறதே, உட்கார்ந்து எழுதுங்கள்.

பொதுவாகவே இங்கே எல்லாரும் புதுசு புதுசு என்று குதிக்கிறீர்கள். சுஜாதா ‘கொலையுதிர் காலம்’ எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று? பேயாகத் தெரிந்தது வெறும் ஹாலோகிராம், ஒளிப் பிம்பம் என்று விளக்கம் வந்த பிறகும் சந்தேகம் முழுசாகப் போகாது. அதுதான் திகில். இப்போது வருகிற திரில்லர்களில் கடைசித் திருப்பத்துக்காக மற்ற பக்கங்களை நிரப்புகிறார்கள். ‘தி ஹவுஸ்மெய்ட்’ எல்லாம் ஒரு புத்தகமா?

பேராக்பேரன்:
அவரை எழுதச் சொல்லவில்லை. எனக்கு வலித்ததைச் சொன்னேன். இங்கே அதைத்தானே கேட்டிருக்கிறார்கள்?

மூலைவீடு:
@வசந்த்கட்சி, அந்த ‘ஒரு புத்தகமா’வைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பணக்கார வீட்டுக்கு வேலைக்கு வரும் மில்லி, மாடத்து அறை, வெளியிலிருந்து மட்டும் பூட்டுகிற கதவு. எழுத்து சுமார்தான், ஒரே மூச்சில் முடித்துவிட்டு உணவுமேசையிலேயே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பணிப்பெண் தூங்குவது பாம் ஷெல்டரில், வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில். புது வீவக வீடுகளில் தெரியுமே, ஜன்னல் இல்லை, கனமான இரும்புக் கதவு. காற்றுக்காக எப்போதும் திறந்தேதான் இருக்கும். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசி வெளிச்சத்தில் அதே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க அரிசி மூட்டையை நகர்த்தி வைத்திருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். “மேடம், அந்த அம்மா நல்லவளா கெட்டவளா?” என்று கேட்டாள். கதையைத்தான் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, “படி, தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த வாரமே அவள் சாமான்களைப் புத்தக அறைக்கு மாற்றிவிட்டோம், அதில் ஜன்னல் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வெளியே போனவள் இரண்டாம் பாகத்தைப் பழைய விலைக்கு வாங்கி வந்திருக்கிறாள். நான் கேட்டேன், தான் முடித்துவிட்டுத்தான் தருவாளாம்.