லெகோ ஸ்டார் வார்ஸ் வாங்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. நான் மலேசியாவில் ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட், தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு). பள்ளி விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள், சேர்ந்து விளையாட 2022இல் வந்த ‘லெகோ ஸ்டார் வார்ஸ்: தி ஸ்கைவாக்கர் சாகா’ வீடியோ கேம் வாங்கித் தர ஆசை. ஒன்பது ஸ்டார் வார்ஸ் படங்களின் கதையும் அதில் இருக்கிறது, திரையைப் பிரித்து ஒரே டிவியில் இருவர் ஆடலாம், ஆன்லைனில் சேர்ந்து ஆட முடியாது, இதுவரை விசாரித்துவிட்டேன்.

என் கவலை சின்னவன்தான். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, வேகமான ஆங்கில வசனம் அவனுக்குப் பிடிபடாது. இதே வரிசையில் 2007இல் வந்த பழைய கேம் ‘தி கம்ப்ளீட் சாகா’வில் யாரும் பேசவே மாட்டார்கள், முணுமுணுப்பும் கையாட்டலும் மட்டும்தான், அதிலேயே கதை புரிந்து பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த முறைதான் பிடிக்கும். ஆனால் அதில் ஆறு படங்கள்தான், பெரியவளுக்கோ ஏழாவது படத்திலிருந்து வரும் நாயகி ரேய் வேண்டும்.

புதியதிலும் அந்த முணுமுணுப்பு வசதி இருக்கிறதாம். அதை எங்கே போய்ப் போடுவது, முதல் கட்டத்திலிருந்தே கிடைக்குமா, இல்லை ஏதாவது சேர்த்த பிறகா? ஆடியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டில் இருப்பது நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி. ஆளுக்கு ஒரு ஜாய்கான் (அதன் சின்னக் கைப்பிடி கன்ட்ரோலர்) போதுமா, இல்லை இன்னொரு ஜோடி வாங்க வேண்டுமா? இங்கே இணையம் மெதுவாகத்தான் வரும், அதனால் ஈப்போ பக்கம் இந்த கேமின் பழைய கார்ட்ரிட்ஜ் (கருவியில் செருகும் அட்டை) நியாயமான விலைக்கு விற்கும் கடை தெரிந்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், விடுமுறைக்கு முன்பே போய் வாங்கிவிடுவேன்.