ஹீட்டர் சூடும் போச்சு, தண்ணி வேகமும் போச்சு: உங்க வீட்டில் என்ன நடந்தது?

ஈசூன்வாசி

போன மாசம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. அப்பாவுக்கு 78 வயசு. பைபாஸ் முடிஞ்ச பிறகு பச்சைத் தண்ணி அவருக்கு ஆகாது. விடியக்காலை அஞ்சரைக்கு பாத்ரூம் கதவை உள்ளேயிருந்து மெதுவாத் தட்டுற சத்தம். திறந்து பார்த்தா தலை முழுக்க நுரையோட ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கார். ஷவர்ல நூல் மாதிரி தண்ணி ஒழுகுது, அதுவும் ஜில்லுனு. ஹீட்டர்ல விளக்கு எரியுது. "தூங்குற புள்ளைய எழுப்ப வேணாமேன்னு பார்த்தேன்" அப்படின்னார். உதடு நடுங்குது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாரோ.

அன்னைக்கே 260 சிங்கப்பூர் வெள்ளிக்குப் புது ஹீட்டர் வாங்கி மாட்டினேன். அதுலயும் அதே நூல், அதே ஜில். மூணாவது நாள் வந்த பிளம்பர் ஹீட்டரைத் தொடவே இல்ல. கீழே இருக்கிற வால்வைக் கையால ஒரு திருப்பு, அவ்வளவுதான். கழிவறை ஸ்ப்ரே ஹோஸ் மாத்தினப்ப நான்தான் அதை மூடினேன், திரும்பத் திறந்தப்ப பாதியில விட்டிருக்கேன். காசு போனது பெருசில்ல, அந்த மூணு நாளும் அப்பா சுடுதண்ணியை வாளியில ஊத்தி ஊத்திக் குளிச்சார்.

செங்காங் அக்கா

எங்க வீட்ல வடிகட்டி தம்பி. லிஃப்ட் பக்கத்துல புளோக் தண்ணித் தொட்டி கழுவுறதா அறிவிப்பு ஒட்டியிருந்தாங்க. மறுநாள் குழாயில கொஞ்ச நேரம் தேத்தண்ணி நிறத்துல வந்து, அப்புறம் தெளிஞ்சிடுச்சு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஹீட்டர் விட்டு விட்டுச் சுட ஆரம்பிச்சது. ஃபோன்ல பேசின ஆள் பார்க்காமலேயே "போர்டு போயிடுச்சுக்கா, 90 வெள்ளி ஆகும்"னு சொல்லிட்டார்.

நான் சுவிட்சை அணைச்சு, வால்வை மூடிட்டு, ஹீட்டருக்குத் தண்ணி ஏறுற இடத்துல இருக்கிற நட்டைக் கழட்டினேன். உள்ளே சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வலை. அதுல துருச் செதிலும் பழுப்பு வழுவழுப்பும் அப்பிக்கிட்டு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ஒரு கண்ணு கூடத் தெரியல. பழைய பல்துலக்கியால தேய்ச்சேன், பத்து நிமிஷ வேலை. அந்த 90 வெள்ளியை நான் நம்பிக் கொடுத்திருந்தா? இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

உட்லண்ட்ஸ் வாத்தியார்

என்னுடையது சின்னக் கதை. ஷவர் ஹோஸ் கொக்கிக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது, நேராக்கினேன், சரியாகிவிட்டது. ஆனால் மேலே இருவரும் சொன்னதில் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

தண்ணீர் குறைந்தால் சூடு கூடத்தானே வேண்டும்? தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும் 3.3 கிலோவாட் ஹீட்டரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் ஏறக்குறைய 16 டிகிரி ஏறும். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 44. அதுவே 2 லிட்டராகக் குறைந்தால் 51-ஐத் தாண்டிவிடும். ஆகவே வேகமும் சூடும் சேர்ந்தே போகிறதென்றால், ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று அர்த்தம். உள்ளே தண்ணீர் ஓட்டத்தை உணரும் சுவிட்ச் ஒன்று உண்டு. போதிய ஓட்டம் இல்லையென்றால் அது சூடேற்றும் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் விடாது. ஆரம்பத்திலிருந்தே ஜில்லென்று வந்தால் பெரும்பாலும் அதுதான். முதலில் கொதிக்கக் கொதிக்க வந்து, சட்டென்று ஜில்லாகி, சற்று நேரத்தில் மறுபடி சுட்டால், அளவு மீறிய சூட்டைக் கண்டு பாதுகாப்பு சுவிட்ச் வெட்டுகிறது. இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான்.

ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, ஹோஸை வாளியில் விட்டு, ஒரு நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். தலையைக் கழற்றியதும் வேகம் வந்தால் அடைப்பு தலையில்தான். வராவிட்டால் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் வால்வு, வடிகட்டி, ஹோஸ் இவற்றில் ஒன்று. தண்ணீர் பலமாக ஓடியும் சுடவில்லை என்றால் மட்டுமே கம்பிச்சுருளையோ மின் இணைப்பையோ சந்தேகப்பட வேண்டும். புது ஹீட்டர் வாங்குவதெல்லாம் அதற்கும் பிறகு.

பிடோக் பெரியவர்

கணக்கெல்லாம் எதுக்கு சார்? ராத்திரி ஷவர் தலையை வினிகர்ல ஊறப்போட்டு, காலையில ஊசியால குத்தி எடுத்தா முடிஞ்சது. சென்னையில இருந்தப்ப முப்பது வருஷம் அப்படித்தான் செஞ்சோம். வெள்ளை வெள்ளையா உப்பு உதிரும்.

கேபிள்காரன்

ஐயா, மன்னிக்கணும். சென்னை போர் தண்ணியில இருக்கிற உப்பு இங்கே குழாய்த் தண்ணியில கிடையாது. நான் திறந்து பார்த்த ஷவர் தலைகள்ல துருத்தூளும் வழுவழுப்பும் நிறைய, வெள்ளை உப்பு ரொம்பக் கம்மி. வினிகர் கெடுதல் இல்ல, ஆனா கோளாறு வேற இடத்துல இருந்தா ஊறப்போட்டு என்ன பயன்?

எனக்கு இன்னும் உறுத்துறது தங்கச்சி வீடு. மச்சான் இணையத்துல பார்த்து, மயிரிழை ஓட்டை போட்ட அகலமான ஷவர் தலை ஒண்ணு வாங்கி மாட்டியிருந்தார். அது போதாதுன்னு தண்ணி சிக்கனத்துக்குத் தர்ற, ஓட்டத்தைக் குறைக்கிற திம்பிள்ங்கிற சின்னத் துண்டையும் உள்ளே சொருகியிருந்தார். நம்ம சாதாரண ஹீட்டர்ல தண்ணி வெளியேறுற பக்கம் தடையே இருக்கக்கூடாது, அடைச்சா அழுத்தம் உள்ளே ஏறும். அதனாலதான் அந்தப் பக்கம் வால்வு வைக்கக்கூடாதுன்னு சொல்றோம். நான் போனப்ப ஹீட்டரோட அடிமூடியில இருந்து சொட்டுச் சொட்டா ஒழுகுது. தங்கச்சி அதுக்குக் கீழே ஒரு டப்பாவை வச்சு ஒரு வாரமாக் குளிச்சுக்கிட்டு இருக்கா! மூடியைக் கழட்டினா மின்கம்பி இணைப்புக்கு ஒரு விரல்கடை தூரத்துல ஈரம்.

சிக்கனம் வேணும்னா திம்பிளைக் கைகழுவும் தொட்டிக் குழாயில போடுங்க. வால்வு, வடிகட்டி, ஷவர் தலை இந்த மூணையும் சுவிட்சை அணைச்சுட்டு நீங்களே பார்க்கலாம். மூடியைத் திறக்கிற வேலை உரிமம் உள்ளவங்களோடது, கெஞ்சிக் கேட்கிறேன். ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிஞ்சா வெட்டிவிடுற சுவிட்ச், விழுந்தா மறுபடி மறுபடி தூக்கிவிடாதீங்க, 30 மில்லியாம்ப் கசிவுக்கே விழற மாதிரி உயிரைக் காப்பாத்தத்தான் அது இருக்கு. 1985 ஜூலைக்கு முன்னாடி கட்டின வீடுகள்லயும் 2025 ஜூலை 1-க்குள்ள அது இருக்கணும்னு சிங்கப்பூர் எரிசக்திச் சந்தை ஆணையம் சொல்லியிருந்துச்சு, அந்தக் கெடுவும் முடிஞ்சாச்சு. பழைய வீட்டுல இருக்கிறவங்க இன்னைக்கே மின்பெட்டியைத் திறந்து பாருங்க.

பொங்கோல் மேல்மாடி

எங்களுக்கு மொட்டைமாடித் தொட்டி தலைக்கு மேலேயே, உயரம் பத்தாது, அதனால பம்ப் வச்சுத்தான் தண்ணிக்கு வேகம். ஒரு ராத்திரி ஹீட்டர் நின்னுடுச்சு. துண்டோட நின்னுக்கிட்டு அரை மணி நேரம் திருப்புளி தேடினேன். கடைசியில எதிர்வீட்டுச் சீனப் பாட்டியைக் கேட்கலாம்னு கதவைத் திறந்தா, அவங்க கையில வாளியோட என் கதவைத் தட்ட நிக்கிறாங்க. புளோக்கைப் பராமரிக்கிற நகர மன்றத்துக்கு ஃபோன் போட்டோம். பம்ப் சரியானதும் ரெண்டு வீட்டு ஹீட்டரும் சுட்டுச்சு.

ஈசூன்வாசி

வாத்தியார் சார், ஒரு நிமிஷம் வாளியில பிடிச்சுப் பார்த்தேன். 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேல வருது. கேபிள்காரண்ணே, எங்க புளோக் பழசு, மின்பெட்டியையும் பார்த்துட்டேன், ஆர்சிசிபி இருக்கு. வால்வு முழுசாத் திறந்திருக்கிறப்ப கைப்பிடி எங்கே நிக்குதோ, அந்த இடத்துல சுவத்து ஓட்டுல சிவப்பு நகப்பூச்சால ஒரு கோடு போட்டிருக்கேன். அப்பா இப்ப அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் துண்டைக் கொக்கியில மாட்டுறார்.