தைராய்டு இருப்பவருக்குக் கண்ணில் பூச்சி பறப்பதுபோல் தெரிவது: அட்ரினல் காரணமாக இருக்குமா?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. திருச்சியில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கடந்த ஆண்டு எடை குறைந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்ததால் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டபோது, தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்றும் அது கிரேவ்ஸ் நோய் என்றும் சொன்னார்கள். தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எடுத்து வருகிறேன். அளவுகள் பெரும்பாலும் சீராகிவிட்டன. சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை உண்டு. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 6 பவர்.

சில மாதங்களாக வெண்பலகையைப் பார்க்கும்போது கண்ணில் நூலும் புள்ளியுமாக மிதக்கின்றன. கடந்த வாரத்திலிருந்து வலது கண்ணில் மட்டும் ஒரு பெரிய வளையம் புதிதாகத் தெரிகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. இதைத் தவிர, காலையில் இமைகள் வீங்கியிருக்கின்றன, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, அண்மைப் படங்களில் இடது கண் சற்றுப் பெரிதாகத் தெரிகிறது.

குடும்ப மருத்துவர், எல்லாம் தைராய்டால் வருவது, போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார். வாட்ஸப் குழு ஒன்றிலோ, இது "அட்ரினல் சோர்வு", அதாவது சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பி களைத்துப்போவது என்றும், ஒரு நாளைக்கு நான்கு முறை உமிழ்நீர் எடுத்துச் சோதித்து, அவர்கள் தரும் பொடியை ஆறு மாதம் சாப்பிட்டால் கண்ணும் தெளியும் என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்குள் உண்மையில் தொடர்பு இருக்கிறதா? நான் முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

ஓய்வுபெற்ற கண்ணொளியர்:

அம்மா, மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். புதிதாக வளையம், அதோடு மின்னல், அதுவும் மைனஸ் 6 பவர் உள்ள கண்ணில் என்றால், இன்றோ நாளையோ விழித்திரை மருத்துவர் இருக்கும் கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடுத்த மாதம் தைராய்டு பரிசோதனைக்குப் போகும்போது சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கண்மூலையிலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல் படிந்தாலோ, திடீரென மசி தெளித்ததுபோல் நூற்றுக்கணக்கில் புள்ளிகள் தெரிந்தாலோ, அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். கண்ணுக்குள் விட்ரியஸ் என்னும் கூழ் நிறைந்திருக்கிறது. ஏறத்தாழ 99 விழுக்காடு நீர். மீதி மெல்லிய கொலாஜன் இழைகளும் ஹயலூரானிக் அமிலமும். வயது ஏற ஏற இந்தக் கூழ் ஆங்காங்கே நீர்த்து, இழைகள் திரண்டு கொள்ளும். அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் நாம் பூச்சி பறப்பதாகப் பார்க்கிறோம். ஒரு கட்டத்தில் கூழ் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுகிறது. பார்வை நரம்பின் விளிம்பில் ஒட்டியிருந்த பகுதி கழன்று வரும்போது வளையமாகத் தெரியும்; விலகும்போது விழித்திரையைப் பிடித்து இழுப்பதால் மின்னல் தோன்றும். பொதுவாக ஐம்பதைத் தாண்டிய பிறகு நடக்கும் இது, கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்கூட்டியே நடக்கும். பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் புதிதாகப் பூச்சியும் மின்னலும் தெரிந்து வருபவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு, அந்த இழுப்பில் விழித்திரை கிழிந்திருக்கும். கிழிசலை அப்போதே கண்டுபிடித்தால் சுற்றிலும் லேசர் வைத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் வழியே நீர் புகுந்து விழித்திரை பிரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

சொட்டு மருந்து விட்டுப் பாவையை, அதாவது கருமணியை, விரித்துப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். கண்ணாடிப் பவர் சோதித்து அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, சிறிய உலோகக் கம்பியால் இமைக்கு மேலே மெல்ல அழுத்தி விழித்திரையின் கடைசி ஓரம் வரை பார்ப்பார்கள். கொஞ்சம் கூசும், அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். பிறகு சில மணி நேரம் எழுத்து மங்கலாக இருக்கும் என்பதால் இரு சக்கர வண்டி ஓட்டிப் போகாமல், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தைராய்டு நோய் கண்ணைத் தாக்குவது உண்மை. ஆனால் அது தாக்கும் இடம் கண்விழிக்குப் பின்னாலுள்ள தசையும் கொழுப்பும், முன்னாலுள்ள இமையும். விழிக்குள் இருக்கும் கூழை அது கலைப்பதில்லை. ஆகவே உங்கள் இமை வீக்கத்துக்கும் உறுத்தலுக்கும் தைராய்டு காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. வளையத்துக்கும் மின்னலுக்கும் கிட்டப்பார்வைதான் காரணமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வந்ததால் ஒரே நோய் என்று தோன்றுகிறது.

வீட்டிலேயே வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி உண்டு. கண் உலர்ந்து வரும் மங்கல், இமைத்தவுடன் மாறும் அல்லது சற்றுத் தெளியும். விட்ரியஸ் நிழலோ இமைத்தாலும் போகாது. கண்ணை வேகமாகத் திருப்பி நிறுத்தினால், கண் நின்ற பிறகும் அது சற்று நேரம் நகர்ந்துவிட்டுத்தான் நிற்கும்.

கொங்குவாசி:

சகோதரி, நானும் கிரேவ்ஸ் நோயாளிதான், கோவையில் இருக்கிறேன். கண்ணொளியர் ஐயா சொன்னபடி விழித்திரையை முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு கண் பெரிதாகத் தெரிகிறது என்று நீங்கள் எழுதியதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அயர்லாந்தின் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இலும், ஜெர்மனியின் பாசிடோ 1840-இலும் இந்த நோயை விவரித்தபோதே, கழுத்து வீக்கம், நெஞ்சு படபடப்பு ஆகியவற்றோடு விழி பிதுங்குவதையும் சேர்த்தே எழுதினார்கள். தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் அதே எதிர்ப்பொருள்கள் கண்குழியில் உள்ள செல்களையும் தூண்டுகின்றன. தசை வீங்குகிறது, கொழுப்பு பெருகுகிறது. எலும்புக் குழிக்குள் இடம் போதாமல் விழி முன்னால் தள்ளப்படுகிறது. தைராய்டு அளவு சரியான பிறகும் கண் பிரச்சினை தொடர்வதற்குக் காரணம் இதுதான். அளவே சரியாக இருப்பவர்களுக்கும் சில நேரம் இது வருவதுண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. மேலே அல்லது பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எனக்குப் பேருந்தின் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்க்கும்போதுதான் முதலில் தெரிந்தது. அடுத்து, ஒரு சிவப்புப் பொருளை, குங்குமச் சிமிழாக இருந்தாலும் போதும், ஒவ்வொரு கண்ணையும் மாறி மாறி மூடிக்கொண்டு பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால், வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிக்கின்றன என்று பொருள் கொள்ளலாம். அதற்குக் காத்திருக்கவே கூடாது.

சிகிச்சை ஆளுக்கு ஆள் மாறும். இலேசான நிலையில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் ஜெல், தலையணையைச் சற்று உயர்த்திப் படுப்பது, இவ்வளவே போதும். எனக்கு நடுத்தர நிலை என்பதால் வாரம் ஒருமுறை இரத்தக்குழாய் வழியே மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஏற்றினார்கள்: முதல் ஆறு வாரம் 500 மில்லிகிராம், அடுத்த ஆறு வாரம் 250 மில்லிகிராம், மொத்தம் 4.5 கிராம். ஒவ்வொரு முறையும் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் ஏற்றினார்கள். கல்லீரல் பரிசோதனையும் நடந்தது. அமெரிக்காவில் 2020-இல் இந்தக் கண் நோய்க்கான டெப்ரோடுமுமாப் என்ற மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் விலையைக் கேட்டால் கண்ணோடு நெஞ்சும் சேர்ந்து வலிக்கும், காது கேட்பதில் குறை வரும் வாய்ப்பும் உண்டு.

வீட்டில் யாராவது புகை பிடித்தால் உங்கள் அருகில் பிடிக்க விடாதீர்கள். புகை இந்த நோயை மோசமாக்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது. தைராய்டை அடக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், கண்ணில் பிரச்சினை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சிலருக்குக் கண் மோசமாகிறது. மருத்துவமனைக்குப் போகும்போது ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். விழி எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்பதை மருத்துவர் அந்தப் பழைய முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

நெய்தல்:

எனக்குத் தைராய்டு குறைவு. மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் கண்ணில் பறந்த பூச்சிகளும் மறைந்துவிட்டன. அப்படியானால் தொடர்பு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஓய்வுபெற்ற கண்ணொளியர்:

மாத்திரை எடுக்காதவர்களுக்கும் அந்தச் சில மாதங்களில் பூச்சிகள் குறைந்துதான் போகும். திரண்ட இழைகள் நாளடைவில் பார்வையின் நடுக்கோட்டை விட்டுக் கீழே தணிகின்றன; மூளையும் அவற்றைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிக்கொள்கிறது. தைராய்டு குறைவில் இமை ஊதுவதும் கண் உலர்வதும் உண்டு. மாத்திரையால் அவை சரியாகி, பார்வை தெளிந்திருக்கவும் கூடும்.

உப்புக்கல்:

அட்ரினல் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. எனக்கு அட்ரினல் செயலிழக்கும் அடிசன் நோயும் தைராய்டு குறைவும் சேர்ந்து இருப்பதால், இது நான் அன்றாடம் புழங்கும் பொருள்.

"அட்ரினல் சோர்வு" என்ற பெயரில் ஒரு நோய் மருத்துவத்தில் ஏற்கப்படவில்லை. அது குறித்து வந்த 58 ஆய்வுகளை அலசி 2016-இல் வெளியான கட்டுரை, அப்படியொரு நிலை இருப்பதற்குச் சான்றில்லை என்றே முடித்தது. அட்ரினல் உண்மையாகவே செயலிழப்பது வேறு. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்தது அதைத்தான். அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காசநோய் காரணமாக இருந்தது. நம் நாட்டில் இன்றும் அந்தக் காரணத்தை மருத்துவர்கள் தேடிப் பார்க்கிறார்கள். உள்ளங்கை ரேகைகளும் ஈறும் கறுப்பது, உப்பின் மீது தீராத ஆசை, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, வாந்தி, எடை குறைவது ஆகியவை அதன் அடையாளங்கள். காலை 8 மணி வாக்கில் எடுத்த இரத்தத்தில், அட்ரினல் சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். ஐயமிருந்தால் அட்ரினலைத் தூண்டும் ஊசி போட்டு மறுபடியும் அளப்பார்கள். உமிழ்நீரை நான்கு வேளை எடுத்து அனுப்புவதால் இந்த நோய் உறுதியாவதில்லை.

தைராய்டுக்கும் அட்ரினலுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பிகளைத் தாக்கும் ஒரு தொகுதி நோயில் இரண்டும் சேர்ந்து வரலாம். அப்போது கார்டிசோல் குறைவைக் கவனிக்காமல், தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரையை மட்டும் தொடங்கினால், உடலில் மிச்சமிருக்கும் கார்டிசோலும் விரைவாகச் செலவழிந்து உயிருக்கே ஆபத்தாகும். எனக்கு முதலில் கார்டிசோலை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்டிசோன், அதன் பிறகே தைராக்சின் என்று வரிசை வைத்துக் கொடுத்தது அதனால்தான். இத்தனைக்கும் நடுவில் அடிசன் நோயால் கண்ணில் பூச்சி பறப்பதாக எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை.

கண்ணைக் கெடுப்பது கார்டிசோல் குறைவதைவிட மிகுவதுதான். உடலே கார்டிசோலை மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயாக இருந்தாலும், மாத்திரை, மூட்டில் போடும் ஊசி, தோலில் தடவும் களிம்பு என்று வெளியிலிருந்து வரும், கார்டிசோலைப் போன்ற ஸ்டீராய்டாக இருந்தாலும், கண்ணழுத்தம் ஏறலாம், இளவயதிலேயே புரை விழலாம், விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர் கோக்கலாம். இந்தக் கடைசி நிலையைப் பலர் பூச்சி என்றே சொல்வார்கள். ஆனால் அது மிதக்காது. பார்க்குமிடத்தின் நடுவிலேயே சாம்பல் நிற வட்டமாக நிற்கும், ஜன்னல் கம்பி வளைந்து தெரியும், பொருள்கள் சிறுத்துத் தெரியும். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

ஆகவே அந்தப் பொடியைப் பற்றித்தான் எனக்கு அச்சம். அமெரிக்காவில் கடைகளில் விற்கும் அட்ரினல் துணைமருந்துகள் சிலவற்றைச் சோதித்தபோது அவற்றில் தைராய்டு ஹார்மோனும், பெரும்பாலானவற்றில் ஸ்டீராய்டு வகைப் பொருளும் இருந்தன. கார்பிமசோல் எடுக்கும் உங்களுக்கு மறைவாகத் தைராய்டு ஹார்மோன் உள்ளே போனால், மருத்துவர் மருந்தின் அளவைக் கணிப்பதே தடுமாறும். ஏற்கெனவே நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென நிறுத்தாமல், மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள்; அது தைராய்டு முடிவுகளையே பிழையாகக் காட்டி, இல்லாத கிரேவ்ஸ் நோய் இருப்பதுபோலக்கூடத் தோன்றச் செய்யும்.

காவிரிக்கரை:

அனைவருக்கும் நன்றி. மறுநாளே போய் வந்தேன். வலது கண்ணில் கூழ் விலகியிருக்கிறது, கிழிசல் இல்லை. மின்னல் சில வாரங்களில் அடங்கும் என்றும், ஒரு மாதத்தில் மீண்டும் வந்து பாவையை விரித்துப் பார்க்க வேண்டும் என்றும், பூச்சிகள் திடீரெனப் பெருகினால் அதற்கு முன்பே வர வேண்டும் என்றும் சொன்னார்கள். இடது கண்ணைத் தனியாக இன்னொரு மருத்துவர் பார்த்தார். மேல் இமை உயர்ந்திருக்கிறது, விழி இலேசாக முன்னால் வந்திருக்கிறது. சிவப்பு இரு கண்ணிலும் ஒன்றுபோலவே தெரிகிறது. சொட்டு மருந்தும் இரவு ஜெல்லும் கொடுத்திருக்கிறார். பொடியை நான் வாங்கவில்லை. செலினியம் மாத்திரை பற்றி அடுத்த முறை பேசலாம் என்றார். அதை யாராவது எடுத்ததுண்டா?

கொங்குவாசி:

எனக்குக் கொடுக்கவில்லை, என் அக்காவுக்குக் கொடுத்தார்கள். இலேசான நிலையில் இருந்த கிரேவ்ஸ் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு இரு முறை 100 மைக்ரோகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. கண்ணும் அன்றாட வாழ்வும் மேம்பட்டதாக அதில் கண்டார்கள். ஆனால் அது மண்ணில் செலினியம் குறைந்த பகுதிகளில் நடந்த ஆய்வு என்பதையும், மிகுந்தால் முடி உதிர்ந்து நகம் உடையும் என்பதையும் மருத்துவர் சொல்லித்தான் அக்காவுக்கு ஆறு மாதத்தோடு நிறுத்தினார். உங்களுக்கு நோய் தொடங்கி எவ்வளவு காலமாகிறது என்பதை வைத்து அவரே முடிவு செய்வார். அதுவரை கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.